பதினான்கு ஊசியும் எட்டுக் குரங்குகளும்

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட வேண்டும் என்பது தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறையினர் அச்சத்தோடு அறிந்திருந்த செய்தி. ஐம்பது வயதைக் கடந்தவர் எவரைக் கேட்டாலும், அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்ட உறவினர் ஒருவரையோ, அவற்றிற்கு அஞ்சி நாய்க்கடியை வீட்டில் மறைத்த சிறுவன் ஒருவனையோ நினைவுகூர்வார். இன்று அந்த ஊசி வழக்கில் இல்லை. கையில் சில ஊசிகளோடு சிகிச்சை நிறைவுறுகிறது. ஆனால் அந்தப் பழைய மருந்து எதனால் செய்யப்பட்டது, ஏன் கைவிடப்பட்டது என்ற வரலாறு நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அது ஆட்டின் மூளையால் செய்யப்பட்டது. அம்மூளைப் பொருளே அரிதாகச் சிலரை முடக்கியது. அந்த முடக்கத்திற்குக் காரணம் என்ன என்பது 1930களில் சில குரங்குகளின் உடலில் முதன்முதலாகத் தெளிவாயிற்று. சீவதயையைத் தலையாய அறமாகக் கொண்டோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் நச்சுயிரி, கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மெல்ல ஏறி மூளையை அடைகிறது. நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. பாரிசில் லூயி பாஸ்டர் இந்நோய்க்கு மருந்து தேடிய காலத்தில் அந்த நச்சுயிரியை எந்த நுண்ணோக்கியாலும் காண இயலவில்லை. கண்ணாடிக் கலத்தில் வளர்க்கவும் வழியில்லை. உயிருள்ள விலங்கின் மூளையும் தண்டுவடமுமே அது வளரும் நிலம். எனவே நோயூட்டப்பட்ட முயலின் தண்டுவடத்தை எடுத்து, உலர்ந்த காற்றுள்ள குடுவையில் தொங்கவிட்டு, நாளுக்கு நாள் அதன் வீரியம் குறைவதைக் கண்டு, அதையே மருந்தாக்கினார் பாஸ்டர். 1885 ஜூலை 6 அன்று அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு அம்மருந்து முதலில் செலுத்தப்பட்டது. சிறுவன் பிழைத்தான். சில ஆண்டுகளுக்குள் பாஸ்டர் பெயர் தாங்கிய நிலையங்கள் உலகெங்கும் எழுந்தன.

இந்தியாவில் முதல் பாஸ்டர் நிலையம் 1900இல் இமயமலைச் சரிவிலுள்ள கசௌலியில் அமைந்தது. தென்னாட்டுக்கென நீலகிரியின் குன்னூரில் 1907இல் மற்றொன்று திறக்கப்பட்டது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் இந்தியாவுக்கு அளித்த நன்கொடையின் ஒரு பகுதி அதற்குப் பயன்பட்டது. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்னும் மருத்துவர் 1911இல் பாஸ்டரின் முறையை எளிதாக்கினார். நோயூட்டப்பட்ட விலங்கின் மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் நச்சுயிரியைக் கொன்று, அக்கரைசலையே மருந்தாகத் தந்தார். குடுவையும் உலர்த்தலும் தேவையில்லை. மருந்தைக் குப்பியில் அடைத்துத் தொலைவூர்களுக்கும் அனுப்பலாம். அதுவரை நாய் கடித்தவர் கசௌலிக்கோ குன்னூருக்கோ பயணம் செய்ய வேண்டியிருந்தது. பின்னர் மாவட்ட மருத்துவமனையிலேயே சிகிச்சை கிடைத்தது. செம்பிள் மருந்து காத்த உயிர்கள் மிகப் பல. அதை மறுப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆனால் பாஸ்டரின் காலத்திலிருந்தே ஒரு நிழல் இம்மருந்தைத் தொடர்ந்து வந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களுள் சிலருக்கு இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும் தலைவலியும் கண்டு, கால்கள் தளர்ந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டது. சிலர் மெல்லத் தேறினர், சிலர் முடமாயினர், சிலர் இறந்தனர். நாயின் நஞ்சுதான் காரணம் என்றனர் ஒரு சாரார். மருந்தில் எஞ்சிய உயிருள்ள நச்சுயிரியே காரணம் என்றனர் மற்றொரு சாரார். வெறி இல்லாத நாய் கடித்து, வெறும் ஐயத்தால் ஊசி போட்டுக்கொண்டவர்களும் முடங்கியதைக் கண்டபோது முதல் விளக்கம் தளர்ந்தது. கான்ஸ்டான்டிநோபிள் பாஸ்டர் நிலையத்தை நடத்திய ரெம்லிங்கர் இத்தகைய நேர்வுகளைப் பல நாடுகளிலிருந்து திரட்டினார். எத்தனை பேருக்கு ஒருவர் பாதிக்கப்பட்டார் என்ற கணக்கு நாட்டுக்கு நாடு, மருந்துக்கு மருந்து வேறுபட்டது. சில நூறு பேருக்கு ஒருவர் என்பது முதல் பல ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது வரை கணக்குகள் உண்டு.

இந்தப் புதிரைக் கையிலெடுத்தவர் நியூயார்க் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தின் தாமஸ் ரிவர்ஸ். நச்சுயிரியல் என்னும் துறையை அமெரிக்காவில் நிலைநாட்டியவர்களுள் ஒருவர் அவர். அம்மை குத்திக்கொண்ட பின்னும், தட்டம்மை கண்ட பின்னும் அரிதாகச் சிலருக்கு இதே போன்ற மூளை அழற்சி வருவதையும், இறந்தோர் மூளையைப் பார்க்கையில் மூன்றிலும் ஒரே விதமான சிதைவு இருப்பதையும் அக்கால மருத்துவர்கள் அறிந்திருந்தனர். சிறு நாளங்களைச் சுற்றி வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். அங்கே நரம்பின் மேலுறை மட்டும் கரைந்து போயிருக்கும். மின்கம்பிக்கு மேல் சுற்றிய காப்புறை போல நரம்பிழையைச் சுற்றியுள்ள அந்தக் கொழுப்புறைக்கு மயலின் என்று பெயர். உறை போனால் செய்தி தடைபடும். கால் அசைய வேண்டும் என்று மூளை நினைத்தாலும் கால் அசையாது.

நச்சுயிரி எதுவும் கலவாத வெறும் மூளைப் பொருளே இதைச் செய்யுமா என்பதே ரிவர்ஸின் கேள்வி. அதற்கு விடை காண அவரும் ஸ்பிரண்ட், பெரி ஆகிய இருவரும் நலமுள்ள முயல்களின் மூளையைக் கரைத்து, எட்டு ரீசஸ் குரங்குகளின் தசையில் மீண்டும் மீண்டும் ஊசியாகச் செலுத்தினர். 1933இல் வெளியான அவர்களது கட்டுரையின்படி எட்டில் இரண்டு குரங்குகளுக்கு நோய் கண்டது. முயற்சி மீண்டும் நடந்தது. பிரான்சிஸ் ஷ்வென்ட்கருடன் சேர்ந்து ரிவர்ஸ் 1935இல் வெளியிட்ட இரண்டாம் கட்டுரையில், மறுபடியும் எட்டுக் குரங்குகள். மாதக்கணக்கில் பல பத்து ஊசிகள். இம்முறை எட்டில் ஏழின் மூளையில் மயலின் சிதைந்திருந்தது. தள்ளாடி நடந்தும், கிளையைப் பற்றும் கை தளர்ந்தும் அவை முடங்கின. மூளையிலிருந்து கிருமி ஏதேனும் கிடைக்குமா என்று தேடினர், கிடைக்கவில்லை. நோய் எந்த நச்சாலும் வரவில்லை. அயல் மூளைப் பொருளைக் கண்டு கிளர்ந்த குரங்கின் சொந்தக் காவற்படையே தன் மூளையையும் பகையெனக் கொண்டு தாக்கியிருந்தது.

இந்த முடிவை அக்கால அறிவியல் எளிதில் ஏற்கவில்லை. உடல் தன்னைத் தானே தாக்காது என்பது ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த கோட்பாடு. தன்னையே நஞ்சாகக் கொள்வதை உடல் அஞ்சி விலக்கும் என்று பொருள்படும் இலத்தீன் தொடர் ஒன்றை அவர் அதற்கு வழங்கினார். பின்வந்தோர் அதைச் சட்டமாகவே கொண்டனர். அச்சட்டத்தை உடைத்தவர்களுள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எல்வின் கபாட் முதன்மையானவர். 1940களில், கொல்லப்பட்ட காசநோய்க் கிருமியைத் தாது எண்ணெயில் கலந்து மூளைப் பொருளோடு சேர்த்தால் உடலின் எதிர்வினை பன்மடங்காவது தெரியவந்தது. ரிவர்ஸுக்கு மாதங்கள் பிடித்த நோயைச் சில ஊசிகளிலேயே, சில வாரங்களிலேயே, கபாட் குழுவினர் குரங்குகளுக்கு உண்டாக்கினர். இசபெல் மார்கன் என்னும் அறிஞரும் அதே 1947இல் தனியாக அதைக் கண்டார். கபாட் இன்னும் ஒரு படி சென்றார். குரங்கின் மூளையில் ஒரு பகுதியை அறுத்தெடுத்து, அதையே அந்தக் குரங்குக்கு ஊசியாகச் செலுத்தினார். அது நோயுற்றது. அயல் பொருள் என்ற சாக்குக்கும் இனி இடமில்லை. தன்னுடல் தாக்கு நோய் என்று இன்று பள்ளிப் பாடநூலிலும் காணப்படும் கருத்துக்கு இச்சோதனைகள் தூணாக நின்றன. படிக்கையில் நெஞ்சம் கலங்காதிருக்க இயலாத தூண் அது.

அக்குரங்குகள் எங்கிருந்து வந்தன என்பதும் நமக்குத் தொடர்புடைய கேள்வியே. ரீசஸ் குரங்கு வட இந்தியாவின் கோயில் முற்றங்களிலும் சந்தைகளிலும் திரியும் செம்முகக் குரங்கு. தென்னாட்டில் காணும் நாட்டுக் குரங்கு அதன் நெருங்கிய உறவினம். அக்காலத்தில் மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு ரீசஸ் குரங்குகளைப் பெருமளவில் அனுப்பியது இந்தியாவே. போலியோ தடுப்பூசிக்குக் குரங்கின் சிறுநீரகம் தேவைப்பட்ட 1950களில் அவ்வணிகம் உச்சத்தை எட்டியது. ஆண்டொன்றில் இலட்சத்துக்கும் மேற்பட்டவை கப்பலிலும் விமானத்திலும் சென்றன. அமெரிக்கப் போலியோ ஆய்வின் வழிகாட்டுக் குழுவிலும் தாமஸ் ரிவர்ஸ் முதன்மை வகித்தார் என்பது ஒரு பக்கச் செய்தி. 1955இன் தொடக்கத்தில் இலண்டன் விமான நிலையத்தில் ஏறத்தாழ 400 குரங்குகள் மூச்சுமுட்டி இறந்தன. இந்திய அரசு ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்திற்று. மருத்துவப் பயனுக்கே என்ற நிபந்தனையோடு மீண்டும் அனுமதித்தது. அந்நிபந்தனைக்கு மாறாகப் போர்க்கருவி சார்ந்த கதிர்வீச்சுச் சோதனைகளிலும் குரங்குகள் பயன்படுவது வெளிவந்தபோது, மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் முதல் ஏற்றுமதியை முற்றாகத் தடைசெய்தது.

குரங்கு நம் மரபில் இழிந்த உயிரன்று. நான்காம் தீர்த்தங்கரர் அபிநந்தனரின் இலாஞ்சனம் குரங்கே. ஐம்பொறிகளோடு மனமும் பெற்ற உயிராக அதை ஆகமங்கள் வைக்கின்றன. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சீவகனுக்குத் துறவெண்ணம் பிறந்ததும் ஒரு குரங்கைக் கண்டே. ஊடிய மந்தியைத் தேற்ற ஆண்குரங்கு பலாப்பழம் ஒன்றைக் கொண்டு வந்து கொடுக்கிறது. தோட்டக் காவலன் அவற்றை விரட்டிப் பழத்தைப் பறித்துக்கொள்கிறான். சீவகன் இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. பழத்தை இழந்த குரங்கில் தான் வென்ற கட்டியங்காரனையும், பறித்தவனில் தன்னையும் கண்டான். குரங்கிடமிருந்து பெற்ற அறிவின் கனியைக் கையில் வைத்திருப்போர் அக்காட்சியை இரண்டாம் முறை படித்தல் தகும்.

ஏனெனில் இவ்வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது. மூளைப் பொருளே முடக்குகிறது என்பதை 1935இல் குரங்குகள் காட்டிவிட்டன. ஆயினும் மூளைப் பொருளால் செய்த ஊசி இந்தியாவில் அதன் பின் 69 ஆண்டுகள் தொடர்ந்தது. அதன் உற்பத்தி 2004இன் இறுதியில்தான் நின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆடுகள் தொடர்ந்து நோயூட்டப்பட்டுக் கொல்லப்பட்டன. அரிதாக எனினும், மருந்தை நம்பி வந்த மனிதர்களும் முடங்கினர்.

இத்தாமதத்திற்கு நியாயமே இல்லை எனக் கூறிவிட முடியாது. 1935இல் மாற்று மருந்து எதுவும் இல்லை. வெறிநோய் உறுதியான மரணம்; ஊசியின் தீங்கு அரிது. இரண்டில் ஒன்றைத் தேர வேண்டிய மருத்துவர் ஊசியைத் தேர்ந்தது தவறன்று. 1950களில் சிலி நாட்டில் புதிய வழி ஒன்று பிறந்தது. பிறந்து சில நாளே ஆன சுண்டெலியின் மூளையில் மயலின் இன்னும் உருவாகியிராது. அதில் மருந்து செய்தால் ஆபத்து குறையும் என்று புவென்சலிதா கண்டார். தென்னமெரிக்கா அதைக் கைக்கொண்டது. சுண்டெலிக்கு அதில் விடுதலையில்லை. ஆனால் குரங்குகள் கற்பித்ததைக் காதில் வாங்கிக்கொண்ட முதல் மருந்து என்று அதைச் சொல்லலாம். 1970களில் மனிதச் செல்களில் வளர்த்த தடுப்பூசி புழக்கத்துக்கு வந்தபோது நிலைமை அடியோடு மாறிற்று. மூளை தேவையே இல்லை. ஆனால் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாதிருந்தது. 1980களிலிருந்து உலக சுகாதார நிறுவனம் நரம்புத் திசு மருந்தைக் கைவிடுமாறு வலியுறுத்தி வந்தது. 1987இல் தாய்லாந்து மருத்துவர்கள், செம்பிள் ஊசியால் முடங்கியோரின் உடலில் மயலின் புரதத்துக்கு எதிரான பொருள்கள் இருப்பதைக் காட்டினர். ரிவர்ஸின் குரங்குகளில் நிகழ்ந்ததே மனிதரிடமும் நிகழ்கிறது என்பதில் அதன்பின் ஐயமிருக்க நியாயமில்லை. அதே தாய்லாந்தில், புதிய மருந்தைத் தசையில் செலுத்தாமல் தோலுக்குள் சிறு அளவாகச் செலுத்தினால் ஐந்தில் ஒரு பங்கு போன்ற சிறு அளவே போதும் என்ற சிக்கன முறையும் உருவாயிற்று. இந்தியா அம்முறையை ஏற்றது 2006இல்.

தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது கொல்லும் கையை முதலில் சுட்டவில்லை. பிரமாதம் என்னும் விழிப்பின்மையைச் சுட்டுகிறது. விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு நேர்தலே இம்சை. இல்லறத்தார் சங்கற்ப இம்சையை முற்றாக விலக்க வேண்டும், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என்பவற்றால் நேர்வதை இயன்றவரை சுருக்க வேண்டும் என்று சிராவக ஒழுக்கம் வகுக்கிறது. ஆய்வாளரின் கத்தி இவற்றுள் எதில் அடங்கும்? கருத்தோடு செய்யும் ஊறு ஆதலின் சங்கற்பமே என்பாரும், நோய் தீர்க்கும் தொழிலின்பாற்பட்டது ஆதலின் உத்தியோகமே என்பாரும் இருக்கலாம். குரங்கின் பக்கம் நின்று பார்த்தால் முதல் விடையே வலுவுடையது. ஆனால் 1980களுக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளைப் பற்றி இத்தகைய வழக்குக்கு இடமில்லை. அறிவும் மாற்றும் கைக்கு வந்த பின்னும் பழைய குப்பியைத் தொடர்ந்தது பிரமாதம். முன்பு துன்புற்ற குரங்குகளின் துன்பத்தையும் அது வீணாக்கியது.

அத்துன்பத்தால் மனிதர் பெற்ற நன்மையையும் மறைத்தலாகாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில், எவ்வித ஊசியும் இன்றியே, உடல் தன் மயலினைத் தானே தாக்குகிறது. இளம் வயதினரை, குறிப்பாகப் பெண்களை, அது மிகுதியாகப் பற்றுகிறது. ரிவர்ஸின் குரங்குகளிடம் உண்டாக்கிய நோயே அதற்கு மாதிரியாயிற்று. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் செலா, ரூத் அர்னான், டெவோரா டைடல்பாம் ஆகியோர் 1960களில், மயலின் புரதத்தைப் போன்ற செயற்கைப் பொருளொன்றைச் செய்து அந்நோயை உண்டாக்க முயன்றனர். பொருள் நோயை உண்டாக்கவில்லை, மாறாகத் தடுத்தது. எதிர்பாராத அத்தடுப்பே கிளாட்டிராமர் என்ற மருந்தாக 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பின்னாளில் மார்மோசெட் என்னும் சிறு குரங்கில் கலிபோர்னியாவின் ஸ்டீபன் ஹவுசர் குழுவினர் செய்த ஆய்வு, மயலினைச் சிதைப்பதில் எதிர்ப்புப் புரதங்களுக்கும் பங்குண்டு என்று காட்டியது. அவ்வழியே சென்று கிடைத்த ஒக்ரெலிசுமாப் மருந்து 2017இல் வந்தது. இம்மருந்துகளால் நடக்கின்ற கால்கள் இன்று இந்தியாவிலும் உண்டு.

குரங்கிலிருந்து சுண்டெலிக்கு, சுண்டெலியிலிருந்து செல்லுக்கு என்று சோதனை மெல்ல இறங்கி வந்ததில் சட்டத்திற்கும் பங்குண்டு. மாநிலங்களவையில் 1950களில் விலங்கு வதைத் தடுப்பு மசோதாவைக் கொண்டுவந்து அரசை அசைத்தவர் கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேல். அம்முயற்சியின் பயனாக 1960இல் பிறந்த சட்டம், சோதனைகளை அடியோடு தடுக்கவில்லை. ஆனால் தவிர்க்க இயலுமிடத்துத் தவிர்க்க வேண்டும், சிறு விலங்கு போதுமெனில் பெரிய விலங்கைத் தொடக்கூடாது, வலி தெரியாமல் மயக்க மருந்து தரவேண்டும் என்று விதித்தது. 2023இல் மத்திய அரசு மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தி, செல் வளர்ப்பு, கணினி மாதிரி போன்ற விலங்கில்லா முறைகளுக்கும் இடம் தந்துள்ளது.

குன்னூர் நிலையம் இன்றும் நீலகிரியில் அதே இடத்தில் உள்ளது. ஆட்டு மூளைக்கு மாற்றாக அங்குத் தடுப்பூசிக்குப் பயன்பட்டது வீரோ என்னும் செல்வழி. 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில், ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள் கலத்தில் வளர்க்கப்பட்டு, இன்றுவரை பெருகிக்கொண்டே வருகின்றன. எஸ்பெராந்தோ மொழியில் பசுஞ்சிறுநீரகம் என்பதன் சுருக்கம் அப்பெயர். புதிதாக ஒரு குரங்கையோ ஆட்டையோ கொல்லாமல் கோடிக்கணக்கான ஊசிகள் அச்செல்களிலிருந்து உலகெங்கும் வருகின்றன. ஆனால் தடுப்பூசியின் ஒவ்வொரு தொகுதியும் வெளிச்செல்லுமுன் அதன் வீரியம் பெரும்பாலும் சுண்டெலிகளிடம் சோதிக்கப்படுகிறது. கலத்திலேயே அளந்தறியும் எலைசா முறையை அதற்கு மாற்றாக நிறுவும் பணி பல நாடுகளில் நடந்து வருகிறது.